வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறீர்களா? விசா, விமானம், தங்குமிடம்: முழுமையான வழிகாட்டி

சுற்றுலாவில் ஒரு நாள் தவறினால் ஒரு அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவோம், அவ்வளவுதான். மாநாட்டுப் பயணம் அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் உரை என்றால், அந்த நேரத்துக்கு நீங்கள் தூங்கி எழுந்து தெளிந்த தலையோடு அந்த அரங்கில் நின்றாக வேண்டும். நீங்கள் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் உழைத்த கட்டுரை பேசப்படாமலே போய்விடும்.

ஆகவே இந்தப் பயணத்தை உரை நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். மேடைக்கு முந்தைய இரவு எங்கே படுப்பது, அந்த நகரத்தில் எப்போது இறங்குவது, அதற்கு எப்போது டிக்கெட் போடுவது, அதற்கு முன் விசா எப்போது கையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தால் எங்கே இடிக்கிறது என்பது தானாகத் தெரியும். பெரும்பாலும் விசாவில்தான் இடிக்கும்.

1. முதலில் மூன்று விவரங்களை உறுதி செய்யுங்கள்

ஒன்று, உங்கள் உரையோ போஸ்டரோ (ஆய்வை விளக்கி மாட்டி வைக்கும் பெரிய தாள்) எந்த நாளில், அந்த ஊர் நேரப்படி எத்தனை மணிக்கு. நிகழ்ச்சி நிரல் இன்னும் வெளியாகவில்லை என்றால் முதல் நாள் காலையே உங்கள் முறை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, எந்தக் கட்டடம். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. பார்சிலோனாவின் ஃபிரா கண்காட்சி மையத்துக்கு மோன்ட்ஜூயிக், கிரான் வியா என இரண்டு வளாகங்கள் இருக்கின்றன. லண்டனில் எக்ஸெல் கிழக்கே, ஒலிம்பியா மேற்கே. வளாகத்தின் முழு முகவரியையும், முடிந்தால் எந்த வாசல் என்பதையும் குறித்துக்கொண்ட பிறகுதான் தங்குமிடம் தேட வேண்டும்.

மூன்று, செலவை யார் ஏற்கிறார்கள். உங்கள் நிறுவனமா, ஏற்பாட்டாளர்களின் பயண உதவித்தொகையா, சொந்தக் காசா? இதைப் பொறுத்துத்தான் எந்த விமானத்தில் போகலாம், யார் பெயரில் ரசீது வாங்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகும். சில நிறுவனங்கள் தங்கள் முகவர் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கு மட்டுமே பணம் தரும். வாங்கிய பிறகு விதியைப் படித்துப் பயனில்லை.

2. விசா: மொத்தப் பயணமும் இதில்தான் தொங்குகிறது

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து காலாவதித் தேதியைப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்), நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். 2 பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும். இன்னும் பல நாடுகள் 6 மாதம் கேட்கின்றன. சந்தேகம் இருந்தால் புதுப்பித்துவிட்டே விசாவுக்குப் போங்கள்.

அடுத்து, எந்த வகை விசா. மாநாட்டில் கலந்துகொள்வது பெரும்பாலான நாடுகளில் வணிகப் பயணம் அல்லது குறுகிய காலப் பார்வையாளர் என்ற பிரிவில் வரும். அமெரிக்காவுக்கு பி-1, பிரிட்டனுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர், ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு ஷெங்கன் குறுகிய கால விசா. உங்கள் குடியுரிமைக்கு விசா தேவையில்லை என்றாலும் அமெரிக்காவின் எஸ்டா, பிரிட்டனின் இ.டி.ஏ. போன்ற மின்னணு அனுமதி தேவைப்படலாம். உரைக்கு மதிப்பூதியம் தருகிறார்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பணம் வாங்கினால் அது வேலையாகக் கணக்கில் வருமா என்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்னதாகவாவது விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும், ஆனால் 45 நாள் வரை நீளலாம். இதெல்லாம் விண்ணப்பம் கைக்குப் போன பிறகுள்ள கணக்கு. கைரேகை கொடுக்கவோ நேர்காணலுக்கோ தேதி கிடைப்பதற்கே சில இடங்களில் வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகின்றன. என் யோசனை: கட்டுரை ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்த அன்றே விசா தேதிக்கு வரிசையில் நில்லுங்கள். பதிவுக் கட்டணம், ஹோட்டல் எல்லாம் அப்புறம்.

ஷெங்கன் பகுதியில் பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் எந்தத் தூதரகம் என்ற குழப்பம் வரும். பயணத்தின் முக்கிய நோக்கம் எங்கே நிறைவேறுகிறதோ, அல்லது எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகம்தான். இரண்டும் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. தேதி சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டின் தூதரகத்துக்குப் போனால் ஏற்க மறுக்கலாம்.

அழைப்புக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், மாநாட்டின் தேதிகள், வளாக முகவரி, கட்டுரைத் தலைப்பு, யார் செலவை ஏற்கிறார்கள், தொடர்புக்கு ஒருவரின் பெயர், கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். பல மாநாடுகளில் பதிவுக் கட்டணம் கட்டிய பிறகே கடிதம் தருவார்கள். கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஏற்பாட்டாளர்களுக்கு இது ஒவ்வொரு ஆண்டும் வரும் கேள்விதான்.

விசா அதிகாரி பார்ப்பது உங்கள் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். அழைப்புக் கடிதம் 12 முதல் 15 வரை, ஹோட்டல் 11 முதல் 14 வரை, காப்பீடு 12 முதல், விமானம் 18 அன்று என்று இருந்தால் நடுவில் உள்ள நாட்களுக்கு விளக்கம் எங்கே? மாநாடு முடிந்து நாலு நாள் ஊர் சுற்றப் போகிறீர்கள் என்றால் அதையும் ஒரு பத்தியில் வெளிப்படையாக எழுதி, அந்த நாட்களுக்கும் தங்குமிடம் காட்டுங்கள். மறைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். தங்கும் நாட்கள் முழுவதும் அதில் அடங்க வேண்டும்.

விமானம் மாறும் நாட்டை மறந்துவிடாதீர்கள். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே விசாவோ எஸ்டாவோ வேண்டும். குடிநுழைவைக் கடக்காமல் அங்கே மாற முடியாது. கனடாவும் பல நாட்டவரிடம் டிரான்சிட் விசா கேட்கிறது. டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று அந்த வழியை எடுத்தால் இரண்டாவது விசாவுக்கு அலைய வேண்டி வரும்.

விசா கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயர், தேதிகள், எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று பாருங்கள். நடுவில் லண்டனுக்கோ டப்ளினுக்கோ போய்விட்டு மறுபடி ஷெங்கனுக்குள் வருவதென்றால் ஒருமுறை நுழைவு விசா போதாது.

3. விமான டிக்கெட்

விசா வரும் முன் டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷெங்கன் விண்ணப்பத்துக்கு முன்பதிவு ஆதாரம் இருந்தாலே போதும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையை எடுங்கள். அமெரிக்காவுக்குப் போய் வரும் விமானங்களில், புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் விலையைப் பிடித்து வைக்கவோ வழி இருக்கும். இரண்டில் ஒன்றை அவர்கள் தர வேண்டும் என்பது அந்த நாட்டின் விதி.

எப்போது போய் இறங்குவது? கால வித்தியாசத்துக்கு உடல் பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் கடினம், ஏனென்றால் உடம்பு வழக்கத்தைவிட முன்னதாகத் தூங்க வேண்டியிருக்கிறது. முழுதாகப் பழகும்வரை யாராலும் காத்திருக்க முடியாது. ஆனால் இரண்டு மூன்று மணி வித்தியாசம் என்றால் ஒரு முழு இரவும், ஆறு மணிக்கு மேல் என்றால் இரண்டு முழு இரவும் அந்த ஊரில் தூங்கிய பிறகே மேடை ஏறுங்கள். இரண்டாவது இரவின் வாடகை வீண் செலவு என்று தோன்றும். கூட்டத்தின் முன் கண் சொருகி நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

போக வர ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கி நடுவில் நீங்களே இணைத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் வேலை. இன்னொன்று, முதல் பகுதியில் நீங்கள் பறக்காவிட்டால் மீதிப் பகுதிகள் தானாக ரத்தாகிவிடும். திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்து. மாநாடு ஒரு ஊரில் முடிந்து வேறு ஊரிலிருந்து திரும்ப நினைத்தால், வாங்கும்போதே பல நகரப் பயணமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தின் பெயரையும் பாருங்கள். ஃபிராங்ஃபர்ட்-ஹான் என்ற நிலையம் ஃபிராங்ஃபர்ட் நகரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. டோக்கியோவின் நரிட்டா நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டர் தாண்டி. ஹனேடா மிக அருகில். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது நள்ளிரவு டாக்ஸியில் போய்விடும்.

4. தங்குமிடம்

பெரிய மாநாடு வந்தால் நகரமே நிரம்பிவிடும். பார்சிலோனாவில் கைபேசித் துறையின் மாநாடு நடக்கும் வாரத்திலும், ஹனோவரில் தொழிற்காட்சி நடக்கும் வாரத்திலும் ஹோட்டல் வாடகை பல மடங்கு ஏறுவது வழக்கம். ஹனோவரில் வீட்டுக்காரர்களே அந்த நாட்களுக்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஆகவே தேதி தெரிந்ததுமே, ரத்து செய்யக்கூடிய ஒரு அறையைப் போட்டு வைத்துவிடுங்கள். விசா கிடைத்த பிறகு இன்னும் நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். ரத்து செய்ய வேண்டிய கடைசி நாளை அந்த ஊர் நேரப்படி நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஏற்பாட்டாளர்கள் சில ஹோட்டல்களில் மொத்தமாக அறைகளைப் பிடித்து, மாநாட்டு வாடகையில் தருவார்கள். அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அதைத் தாண்டினால் மீதி அறைகள் பொது விலைக்குப் போய்விடும். மாநாட்டு வாடகைதான் எப்போதும் மலிவு என்று நம்பிவிட வேண்டாம், ஹோட்டலின் சொந்தத் தளத்தில் அதே நாட்களுக்கு என்ன விலை என்று ஒப்பிடுங்கள். ஆனால் விலை ஏறக்குறைய சமம் என்றால் நான் மாநாட்டு ஹோட்டலையே எடுப்பேன். காலை உணவு மேசையிலும் லிஃப்ட்டிலும் நடக்கும் பேச்சுகள் அரங்கத்தில் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு மோசடியைச் சொல்லியாக வேண்டும். பங்கேற்பாளர் பட்டியலைப் பார்த்து, “மாநாட்டின் தங்குமிடப் பிரிவிலிருந்து பேசுகிறோம், அறைகள் தீரப் போகின்றன, உடனே கார்டு எண் கொடுங்கள்” என்று தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ வருபவர்கள் உண்டு. பணம் போகும், அறை இருக்காது. மாநாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் பெயர் இல்லாத எவரிடமும் அறை போடாதீர்கள். நீங்கள் கேட்காமலே உங்களைத் தேடி வந்து அவசரப்படுத்துகிறார்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், அது மோசடிதான்.

மாணவர்களுக்கும் சொந்தக் காசில் போகிறவர்களுக்கும் பல்கலைக்கழக விடுதிகள் நல்ல வழி. கோடை விடுமுறையில் காலியாகும் அறைகளைப் பல பல்கலைக்கழகங்கள் வெளியாருக்குத் தருகின்றன. குளியலறை பொதுவா, படுக்கை விரிப்பும் துண்டும் தருவார்களா, வரவேற்பு மேசை எத்தனை மணி வரை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுபவர்கள், மாநாட்டின் மாணவர் பிரிவில் கேட்பது பாதுகாப்பு.

குறுகிய கால வாடகை வீடுகள் குழுவாகப் போகிறவர்களுக்கு மலிவு. ஆனால் சட்டத்தைப் பாருங்கள். நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவான வாடகை என்றால் உரிமையாளர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், அவரும் அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும். பதிவு இல்லாத வீடு என்றால் கடைசி நேரத்தில் ரத்தாகும் ஆபத்து இருக்கிறது. மாநாட்டு வாரத்தில் வேறு இடம் கிடைப்பது அரிது. தனியாக, முதல்முறை போகிறவருக்கு நான் ஹோட்டலையே சொல்வேன்.

எவ்வளவு தூரத்தில் தங்கலாம்? நடந்து போக இருபது நிமிடத்துக்குள் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். மதியம் அரை மணி நேரம் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு வர முடிவது பெரிய வரம். அது முடியாவிட்டால், கிலோமீட்டரைப் பார்க்காமல் ரயில் மாறாமல் போக முடியுமா என்று பாருங்கள். ஒரே ரயிலில் ஆறு நிறுத்தம் தள்ளி இருப்பது, இரண்டு கிலோமீட்டரில் இருந்தும் இரண்டு பேருந்து மாற வேண்டிய இடத்தைவிட நல்லது. இரவு விருந்து முடியும் நேரத்தில் கடைசி ரயில் எப்போது என்பதையும், அங்கிருந்து அறை வரையிலான தெருவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்குமா என்பதையும் பாருங்கள்.

வாடகைக்கு மேல் வருகிறவை சில உண்டு. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் சுற்றுலா வரியை அறைக்குப் போனதும் தனியாகக் கேட்பார்கள். பல ஹோட்டல்கள் சேதத்துக்கு முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைக்கும்; டெபிட் கார்டு என்றால் அந்தப் பணம் சில நாள் உங்கள் கைக்கு வராது. கடன் அட்டையைக் கொடுங்கள். மாறாக, ஜெனீவாவில் ஹோட்டல் விருந்தினர்களுக்குத் தங்கும் நாட்கள் முழுவதும் நகரப் பேருந்து, டிராமுக்கு இலவச அட்டை உண்டு. தனியாகப் பயணச் சீட்டு வாங்கும் முன் விசாரியுங்கள்.

விடியற்காலையில் போய் இறங்கினால் அறை பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் கிடைக்கும். களைத்த உடம்போடு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்காமல் இருக்க முந்தைய இரவையும் சேர்த்துப் போடலாம். போட்டால் “காலையில்தான் வருவேன்” என்று எழுதித் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் வராதவர் என்று அறையையே ரத்து செய்துவிடக்கூடும்.

5. மருந்தும் காப்பீடும்

தினமும் சாப்பிடும் மருந்தை அதன் அசல் பெட்டியோடு, மருந்தின் வேதிப் பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சில நாடுகளின் விதி கடுமையானது. சளிக்குத் தரும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன் கலந்த வலி மாத்திரைக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடு என்றால், ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்று செல்லும். அப்புறம் ஆயுள் முழுவதும் செல்லும்.

காப்பீட்டில் மருத்துவத்தோடு பயண ரத்தும் லக்கேஜ் தாமதமும் அடங்குகிறதா என்று பாருங்கள். முன்பே உள்ள நோயை மறைக்க வேண்டாம்.

6. பெட்டி கட்டும்போது

உரை நாளுக்கு வேண்டிய எல்லாமே கைப்பையில் இருக்க வேண்டும்: லேப்டாப், சார்ஜர், திரையோடு இணைக்கும் அடாப்டர், ஒரு மாற்றுடை, மருந்து. உரையின் கோப்பு லேப்டாப்பிலும், பென் டிரைவிலும், மின்னஞ்சலிலும் மூன்று இடத்தில். எழுத்துருக்கள் உதிராமல் இருக்க பி.டி.எஃப். வடிவமும் ஒன்று.

பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-அவர் (அதில் தேங்கும் மின்னாற்றலின் அளவு) வரை கைப்பையில் அனுமதி உண்டு. 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 74 வாட்-அவர், பிரச்சினை இல்லை. பிளக் வடிவம் நாட்டுக்கு நாடு மாறும்: பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியாவில் மூன்று செவ்வக முனைகள், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரண்டு உருண்டை முனைகள், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தட்டை முனைகள். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் அடாப்டர் மட்டும் போதும். முடி உலர்த்தும் கருவி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றில் அப்படி இருப்பது அரிது, வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஏ0 அளவு போஸ்டர் 841 × 1189 மில்லிமீட்டர். குழாயில் சுருட்டிக் கொண்டுபோனால் சில விமானங்களில் அதைத் தனிப் பையாகக் கணக்கிடுவார்கள். துணியில் அச்சிட்டால் மடித்து உடைகளோடு வைத்துவிடலாம், கசங்கினாலும் நீவிவிட்டால் போதும். காட்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் கொண்டுபோகிறவர்கள், வணிகச் சபை வழங்கும் ஏ.டி.ஏ. கார்னே பற்றி விசாரியுங்கள். கருவிகளைத் தற்காலிகமாகச் சுங்கவரியின்றி உள்ளே கொண்டுபோய் ஓராண்டுக்குள் திரும்பக் கொண்டுவர அது வழி செய்கிறது.

7. போய் இறங்கிய பிறகு

குடிநுழைவில் அழைப்புக் கடிதம், ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட் மூன்றும் அச்சிட்ட தாளாகக் கையில் இருக்கட்டும். கைபேசியில் மட்டும் வைத்திருந்து, அது அணைந்துவிட்டால் சங்கடம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் மாநாடு, அதன் பெயர், எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் லக்கேஜ் மேசையில் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். சர்வதேசப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்ததற்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இடையில் வாங்கும் உடைக்கும் சோப்புக்கும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலோ பண இயந்திரத்திலோ “உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் கிட்டத்தட்ட எப்போதும் உங்களுக்கு நஷ்டம்தான். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எடுரோம் வைஃபையைக் கைபேசியில் அமைத்துக்கொண்டால் 100-க்கும் மேற்பட்ட நாடுகளின் கல்வி வளாகங்களில் அது தானாக இணையும். மற்றவர்களுக்கு இ-சிம் போதும்; நகர வரைபடத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வையுங்கள்.

முதல் வேலையாக மாநாட்டு வளாகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். முதல் நாள் மாலையிலேயே பதிவு மேசை திறந்திருந்தால் அடையாள அட்டையை வாங்கிவிடலாம். மறுநாள் காலை வரிசையில் நிற்க வேண்டாம். உங்கள் உரை எந்த அறையில், திரை எப்படி, மைக் எங்கே என்று பார்த்துவிடுங்கள். வளாகத்தை விட்டு வெளியே வந்ததும் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பைக்குள் போடுங்கள். உங்கள் பெயரையும் நீங்கள் வெளியூர்க்காரர் என்பதையும் தெருவுக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை.

8. ரசீதும் திரும்பும் நாளும்

ஒவ்வொரு ரசீதையும் அன்றன்றே படம் எடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்டவை சில வாரத்தில் வெளுத்துவிடும். பல அலுவலகங்கள் போர்டிங் பாஸ் கேட்கும். கைபேசியில் இருக்கும் போர்டிங் பாஸ் பயணம் முடிந்ததும் மறைந்துவிடலாம், அதையும் படமாகச் சேமியுங்கள். ஹோட்டலில் கிளம்பும்போது உங்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கிற முழு விலைப்பட்டியலைக் கேளுங்கள். முன்பதிவுத் தளத்தின் உறுதிச் செய்தியைப் பல கணக்குப் பிரிவுகள் ரசீதாக ஏற்பதில்லை. பங்கேற்புச் சான்றிதழை மாநாடு முடியும் முன்பே வாங்கிவிடுங்கள். பின்னால் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது நீண்ட வேலை.

திரும்பும் விமானத்தை நிறைவு விழா முடிந்த இரண்டு மணி நேரத்தில் போடாதீர்கள். கடைசி நாள் மதியம்தான் ஓடியாடிக்கொண்டிருந்த பலர் நிதானமாகப் பேசக் கிடைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் ரத்தானால், காரணம் மோசமான வானிலையாகவே இருந்தாலும், மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும்போது உணவும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் தர வேண்டியது விமான நிறுவனத்தின் கடமை. மேசைக்குப் போய்க் கேளுங்கள். கேட்டும் தரவில்லை என்றால் நீங்களே செலவு செய்துவிட்டு, ரசீதோடு பின்னர் எழுதுங்கள்.

உதவித்தொகைக் கணக்கை ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். அதற்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும்.